யாரும் வராத இடம்

தம்பி,

எங்கள் துறையை யாரும் வராத இடம் என்று சொல்லி நீ அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டாய். ஏரியின் தென்கோடியில், தாழம்புதர் மறைப்புக்கு உள்ளே, இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குளிக்கிற இடத்தில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கூடாரம் அடித்தாய். அதோடு முடிந்திருந்தால் அறுப்புக் காலத்தில் வந்த ஒரு தொல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். முடியவில்லை. இப்போது அங்கே எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். கோடை பிறந்ததும் ஓட்டுக் கொட்டகை போடப்போகிறார்களாம். ஒவ்வொரு லீவுக்கும் பட்டணத்துப் பிள்ளைகள் வந்து தங்குவார்களாம். தலையாரி தெருத் தெருவாக வந்து, “பொம்பளைங்க யாரும் இனிமே தாழம்புதர் பக்கம் போவக் கூடாது, அது சர்க்கார் எடம்” என்று சொல்லிவிட்டுப் போகிறான். இதை வெளியூர்க்காரன் யாராவது செய்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன். செய்தவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை யாரையும் வைத்து எழுதவில்லை. உனக்கு அது தெரியும். நீ முதன்முதலில் மணலில் விரல் வைத்து எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன். நீ பட்டணத்துக்கு மாமா வீட்டுக்குப் படிக்கப் போன பிறகும் நான் விடவில்லை. கடையில் வெல்லம் கட்டித் தருகிற காகிதத்தைப் பிரித்துப் படித்தே மீதியைக் கற்றேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தில் பிழை இல்லை. படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைக்கிற கடிதமும் இல்லை இது. உன்னோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் கேட்கும்படி படி. முகாமுக்கு வந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படி. அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள்.

முதலில் நான் இரண்டு வரி எழுதிக் கேட்டதற்கு நீ போன வாரம் எழுதிய பதிலில், “நான் கேட்காமல் எதையும் செய்யவில்லை, அப்பாவைக் கேட்டுத்தான் செய்தேன்” என்று எழுதியிருக்கிறாய். கேட்டாய். உன் பள்ளிக்கூடத்துத் துரையோடு இடம் பார்க்க வந்த அன்று மூன்று இடம் பார்த்தீர்கள். மதகடியைப் பார்த்தீர்கள், மாடு கழுவுகிற இடம், ஈ மொய்க்கிறது என்று வேண்டாம் என்றீர்கள். பனந்தோப்பைப் பார்த்தீர்கள், மட்டை விழுந்தால் பிள்ளைகள் மண்டை உடையும் என்று அதையும் விட்டீர்கள். அவ்வளவும் சரிதான். அப்புறம் கரைமேல் நடந்து தென்கோடிக்குப் போனீர்கள். நல்ல மணல், கால் வைத்தால் மெல்ல மெல்ல ஆழமாகிற சரிவு, நீச்சல் தெரியாத பிள்ளைக்கும் பயமில்லை, மேல்காற்றை மறைக்கத் தாழை, உட்காரப் புங்கமர நிழல். துரைக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவர் உன்னிடம் கேட்க, நீ உன் அப்பாவிடம் கேட்டாய். “இங்க யாராச்சும் வருவாங்களாப்பா?” உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “யாரு வராங்க, ஒருத்தரும் வர்றதில்ல” என்றார். நீ அதை பிரெஞ்சில் சொன்னாய். துரை எழுதிக்கொண்டார், பிறகு அதையே சர்க்காருக்கும் எழுதிக்கொடுத்தார். வேலை முடிந்தது.

கல் நட்ட அன்று நான் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பின்ன இன்னாத்தச் சொல்றது? வெள்ளக்காரன் பென்சிலும் கையுமா நிக்கறான். எம் பொண்டாட்டி இங்கதான் குளிக்கறான்னு சொல்லச் சொல்றியா?”

“சொன்னா இன்னா?”

“நல்லாருக்கும்டி! அவன் அதையும் எழுதிக்குவான்.”

“எழுதியிருந்தா துறை இருந்திருக்கும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். உன் அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. இந்த ஊரில் ஆம்பிளைகள் யாரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். கரைமேல் வரும்போது தூரத்திலேயே இருமிக்கொண்டு, முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். அது எங்களுக்குச் செய்கிற மரியாதை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எங்களை இல்லாமல் ஆக்கிவைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்க்காதே என்றால், அங்கே ஆள் இல்லை என்று அர்த்தமா?

நீ அப்பாவைக் கேட்டாய். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து கெண்டை மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாய். துரைக்கு இலை போட்டு, காரம் குறைத்து, தனியாக வறுத்துக் கொடுத்தேன். பரிமாறிய நேரம் போக, கதவோரத்திலேயே நின்றிருந்தேன். “இன்னொரு துண்டு போடும்மா” என்று கேட்கத் தெரிந்தது. “ஏம்மா, தென்கோடியில் கூடாரம் போடலாமா?” என்று கேட்க வாய் வரவில்லை. ஏரியில் நாள் தவறாமல் இறங்குகிறவள் உன் எதிரில் நின்று சோறு போட்டாள். அவளை நீ கேட்கவில்லை. இதுதான் என் வழக்கு. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

துரை மெச்சிக்கொண்ட மணல் தானாக வந்தது என்று நினைத்தாயா? ஏரியில் தானாக வருவது சேறு. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வற்றினதும் நாங்கள் கூடையில் வாய்க்கால் மணலை அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறோம். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் என் மாமியார் என் தலையில் முதன்முதலாக வைத்த சுமை அந்த மணல் கூடைதான். சரிவை மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்கிறவர்கள் நாங்கள். முள் பொறுக்குகிறவர்கள் நாங்கள். அந்தத் தாழையை நட்டதும் பெண்கள்தான். காய்ந்த இடத்தில் புதுக் கன்று வைப்பதும் நாங்கள்தான். காற்றை மறைக்க அதை நடவில்லை, கண்ணை மறைக்க நட்டோம். உன் பிள்ளைகள் அதில் பாதியை வெட்டிப் படுக்கைக்கு அடியில் பரப்பிவிட்டார்கள். முள்ளைச் சீவிவிட்டுத் தாழை ஓலையில் படுத்தால் குளிர்ச்சி என்று நீயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயாம்.

புங்கமரத்தடியில் ஒரு மஞ்சள் கல் இருந்ததே, அதைத் துரை தடவிப் பார்த்து இது என்ன வகைக் கல் என்று கேட்டாராமே. நீ ஏதோ தாதுப்பொருள் என்று சொன்னாயாம். உன் அப்பா இதையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரெவே பரீட்சை பாஸ் பண்ணினவனே, அது மஞ்சள் உரசி உரசி மஞ்சளான கல்லடா. கருங்கல் அது. எத்தனை பெண்கள் உரசினால் கருங்கல் மஞ்சளாகும் என்று யோசித்துப் பார். அந்தக் கல்லை உன் பிள்ளைகள் புரட்டி அடுப்புக் கூட்டிச் சோறு வடித்திருக்கிறார்கள். இப்போது அது கரி பிடித்துக் கிடக்கிறது.

உனக்கு அந்த இடம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நீ நடக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே என் இடுப்பில் உட்கார்ந்து அங்கே வந்தவன். அந்தச் சரிவில்தான் நீ முதன்முதலில் தண்ணீரை அடித்து விளையாடினாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் உன் கன்னத்தில் மஞ்சள் பூசி, “புதுப் பொண்ணு வந்திருக்குது பாரு” என்று கேலி செய்வார்கள். நீ கத்திக்கொண்டே தண்ணீருக்குள் ஓடுவாய். அப்புறம் ஒரு நாள், நீ வளர்ந்துவிட்டாய், இனிமேல் வரக் கூடாது என்று நான் சொன்னேன். நீ கரைமேல் நின்றுகொண்டு அழுதாய். நான் மேலே ஏறிவந்து உன் தாடையைப் பிடித்து வயல் பக்கம் திருப்பி, “இப்படியே பாத்துக்கினு நடந்து வூட்டுக்குப் போ” என்றேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை இன்றும் போகவில்லை, அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டேன். நான் திருப்பியது உன் முகத்தை. அங்கே நாங்கள் இருக்கிறோம் என்பதை மறக்கச் சொல்லவில்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கூடாரம் அடித்த அன்றுதான் பெரிய கழனியில் அறுப்பு. பொழுது சாயும் நேரம் கட்டு சுமந்து முடித்து, உடம்பெல்லாம் நெல்லுச் சுணையோடு நாங்கள் துறைக்கு வந்தோம். சுணை எப்படி அரிக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் கழனிக்காரன் பிள்ளைதான். சேரியிலிருந்து அறுப்புக்கு வந்த அஞ்சலையும் அவளுடைய ஆட்களும் எங்களோடு இருந்தார்கள். புங்கமரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்பது அங்கே நடைமுறை. அது நியாயம் என்று சொல்ல வரவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். தாழைக்கு உள்ளே விசில் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஓர் ஆள் வெளியே வந்து தூரத்தில் நின்று கையை ஆட்டினான்.

“யாரும்மா அது? இந்தாண்ட வராதீங்க, பசங்க குளிக்கிறாங்க!”

அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “பசங்க குளிக்கறாங்களாமே! அப்ப நாங்க இன்னா கண்ணாலம் பாக்கவா வந்தோம்?”

“இது முகாம்மா. கொஞ்ச நாளைக்கு வேற பக்கம் போய்க்கங்க.”

“வேற பக்கம் ஏரிய ஒங்கப்பன் வெட்டி வச்சிருக்கானா? யாரு வூட்டுப் புள்ளடி இது, தலையில சட்டியக் கவுத்துக்கினு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவள் என் முதுகில் குத்தி, “அக்கா, ஒம் புள்ள மாதிரி இல்ல?” என்றாள். அறுப்புக்குப் போட்ட முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன். அரிவாள் கையில் இருந்தது. என்னைப் பார்த்துத்தான் நீ பேசினாய். “ஏம்மா, பெரியவங்க நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? அந்தாண்ட கூட்டிக்கினு போங்கம்மா.” மரியாதையாகத்தான் சொன்னாய். முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டும் சொன்னாய். நான் வளர்த்த பிள்ளை அல்லவா, பெண்களை ஏறிட்டுப் பார்க்க மாட்டாயே. என்னை அடையாளம் தெரியாமலேயே என்னைத் துரத்தினாய். அங்கேயே வாயைத் திறந்திருப்பேன். உன் பிள்ளைகள் தாழை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எதிரில் வாத்தியாரை அம்மா திட்டக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நானும் உன் அப்பாவைப் போல மரியாதை பார்த்தேன். போதும், இனிமேல் பார்க்கமாட்டேன்.

அன்றும் அடுத்த நாட்களிலும் நாங்கள் கரும்புக் கொல்லை வாய்க்காலில் உட்கார்ந்து, கட்டின சேலையோடு தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டோம். பக்கத்திலேயே வண்டிப் பாதை. வண்டி வரும் சத்தம் கேட்டால் எழுந்து கரும்புக்குள் ஒளிய வேண்டும். மரத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கே இல்லை, இருக்கிற கொஞ்சம் தண்ணீரில் எல்லோரும் அடைந்து கிடந்தோம். பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் தங்கையால் அந்த வாய்க்காலில் குனிந்து உட்கார முடியவில்லை. மதகுப் படியில் பாசி. அவளை இறக்கவும் எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை பெரிய வயிற்றோடு ஒரு பெண் பயமில்லாமல் தண்ணீரில் இறங்குகிற இடம் இந்த ஏரியில் ஒன்றே ஒன்றுதான். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு நல்லது என்று நீ தேர்ந்தெடுத்த அதே சரிவு. “அண்ணனுக்கு இது தெரியாதாம்மா?” என்று அவள் கேட்டாள். “கேட்டாத்தானே தெரியும்” என்றேன். உன்னை அவளிடம் விட்டுக்கொடுக்க மனம் வராமல்தான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கல் நட்ட பிறகு நாட்டாண்மை வீட்டில் ஊர் ஆம்பிளைகள் கூடினார்கள். நான் போனேன். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை, போனேன். துறையைப் பற்றிப் பேசக் கூடினவர்கள் துறை என்ற சொல்லையே சொல்லாமல் பேசினார்கள். “அந்த விஷயம்”, “அந்தப் பக்கம்” என்றே போய்க்கொண்டிருந்தது. நாட்டாண்மை என்னைப் பார்த்ததும், “நீ வூட்டுக்குப் போம்மா, இத எப்படி மேர் ஐயாகிட்ட எடுத்துச் சொல்றதுன்னுதான் ரோசனை பண்ணிக்கினு இருக்கோம்” என்றார். கொம்யூனுக்கே தலைவர் மேர், அவரிடம் இதைப் பேசக் கூச்சமாம். “ஒங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்தா நான் போய்ச் சொல்றேன், வண்டி மட்டும் கட்டிக் குடுங்க” என்றேன். உன் அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே, “அவ போவா. சொன்னா செய்வா” என்றார். புகழ்ந்தாரா பயந்தாரா தெரியவில்லை.

உன் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டணத்துச் சந்தில் வளர்கிற பிள்ளைகள் ஏரிக்கரையில் நாலு நாள் தங்கி, மீன் பிடித்து, தாமே பொங்கித் தின்று போவது நல்லதுதான். அதற்கு இடம் இல்லாமல் போகவில்லை. மிச்சத் தண்ணீர் போகிற கலங்கலுக்கு வடக்கே மேட்டில் இலுப்பைத் தோப்பு இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏரி நிறைந்து வழிந்தாலும் தண்ணீர் அங்கே ஏறாது. எறும்புப் புற்று ஓரத்தில்தான் இருக்கிறது. குடிக்க நல்ல கிணறு உண்டு. குளிக்கிற இடத்தில் கொஞ்சம் சேறு. மணல் வேண்டுமென்றால் கூடை எடுத்து நீங்கள் கொட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் கொட்டவில்லையா? அங்கே யார் வருகிறார்கள் என்றும் கேட்டுவிட்டேன். மாடு மேய்க்கிறவர்களைக் கேட்டேன், இலுப்பைக் கொட்டை பொறுக்கும் கிழவியைக் கேட்டேன். இலுப்பை உதிர்கிற காலம் தவிர மற்ற நாளில் வந்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார்கள். இடம் பார்ப்பது என்றால் இப்படித்தான் பார்க்க வேண்டும். நிழலும் காற்றும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியும். அங்கே வந்து போகிற ஆட்கள் கேட்டால்தான் தெரிவார்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

துரை, எழுதிக்கொடுத்ததைத் திரும்ப வாங்கி, அந்த இடம் இந்த ஊர்ப் பெண்களின் குளிக்கும் துறை என்று அதே பென்சிலால் எழுத வேண்டும். அவருக்கு நீதான் இந்தக் கடிதத்தை பிரெஞ்சில் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு எந்த வரியையும் விழுங்கக் கூடாது, மஞ்சள் கல்லையும் சேர்த்துச் சொல்.

மேர் ஐயா, நட்ட கல்லைக் கோடைக்கு முன்னால் பிடுங்கச் சொல்ல வேண்டும். கொட்டகை போட ஆசையிருந்தால் இலுப்பைத் தோப்பில் போடட்டும். நாட்டாண்மை வண்டி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நாங்கள் நடந்தே போவோம், அஞ்சலை முன்னால் நடப்பாள், அவள் வாய்க்கு மேர் ஐயா பதில் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா, இனி யார் வந்து கேட்டாலும் “எங்க பொம்பளைங்க குளிக்கிற எடம்” என்று தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். தலையாரி எந்தத் தெருவில் எல்லாம் சொன்னானோ அந்தத் தெருவில் எல்லாம் வந்து, முன்பு சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும்.

நானும் மற்றப் பெண்களும் தாழங்கன்று வைக்க வேண்டும். அதைத் தொடங்கிவிட்டோம். உன் தங்கையை நாளையிலிருந்து அந்தச் சரிவில் நான் கைப்பிடித்து இறக்கப்போகிறேன். கல் நட்டிருந்தாலும் இறக்குவேன். தடுக்க யார் வருகிறார்கள் பார்க்கிறேன்.

நீ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். தொப்பியைப் பட்டணத்திலேயே வைத்துவிட்டு வா. வெட்டிய தாழைக்குப் பதில் கன்று நடத் துணியாதே, அது எங்கள் வேலை. அந்த மஞ்சள் கல்லை அதன் இடத்துக்குப் புரட்டிவைத்து, பிடித்திருக்கிற கரி போகும்வரை தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு நீ தேய்க்க வேண்டும். பிள்ளைகளை விட்டுத் தேய்க்கச் சொல்லாதே, கூலிக்கு ஆள் வைக்காதே. மஞ்சள் வெளியே தெரியும்வரை தேய். நீ தேய்க்கிற அன்று நாங்கள் யாரும் வர மாட்டோம். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அது யாரும் வராத இடம்.

உன் அம்மா